மிஷின் யாருது?

முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டும் நாங்கள் ரொம்பக் காலம் காண்ட்ராக்டர் மிஷினில்தான் விறகு அறுத்தோம். மிஷின் நின்றால் அன்றைய கூலி போச்சு. ரிப்பேர் செலவும் எங்கள் முன்பணக் கணக்கில் ஏறும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்த நோட்டு மட்டும் மூடவில்லை.

போன வருஷம் ஐந்து குடும்பம் சேர்ந்து பழைய செயின்சா ஒன்று வாங்கினோம். மூன்றாம் நாளே திணறி நின்றது. கடைக்குத் தூக்கிப் போனால், முதல் கேள்வி: "உங்க முதலாளி யாரு?" நாங்கதான் என்றோம். அவர் சிரித்துக்கொண்டே திறந்தார். ஏர் ஃபில்டர் முழுக்க மரத்தூள். தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டினால் வேலை முடிந்தது. இதே கோளாறுக்கு எத்தனை தடவை எங்கள் கணக்கில் எழுதியிருப்பார்கள்!

அன்றிலிருந்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எங்கள் மிஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தூள் சீவலாக விழவேண்டும், மாவாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது. கருவேலம் வைரம் பாய்ந்த மரம், சீக்கிரமே மழுங்கடிக்கும். உருட்டு அரத்தை ஒரே திசையில் தள்ளி ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவதில் எங்கள் தெரு அக்கா ஒருவர்தான் கெட்டி.

கார்புரேட்டருக்கு மட்டும் இன்னும் கடைக்குப் போகிறோம்.