சொந்தத் திடலும் தொலைதூரப் பயணமும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் ரக்பி ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் பள்ளித் திடல்களில் காற்பந்துக்கும் ஓட்டத்திற்கும் உள்ள இடம் ரக்பிக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும், பல ஆண்டுகளாக நான் விடாமல் பார்த்து வரும் ஆட்டம் அது. புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்து, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராய் அழைத்துச் சென்றவன் என்ற முறையில், ஒரு கேள்வி மட்டும் என்னை விட்டு அகன்றதில்லை. சொந்தத் திடலில் ஆடுவோர் வெல்கிறார்களே, அதில் ஊராரின் கைதட்டலுக்கு எவ்வளவு பங்கு? எதிரே நிற்போரின் தூக்கக் கலக்கத்திற்கு எவ்வளவு பங்கு?

இதற்குச் சூப்பர் ரக்பியைப் போல் விடை தேடத் தக்க இடம் வேறில்லை. 1996-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழுக்களைக் கொண்டு தொடங்கிய போட்டி இது. இதன் இறுதியாட்டம் பொதுவான ஊர் ஒன்றில் நடப்பதில்லை. இறுதிக்கு வரும் இரு குழுக்களில் புள்ளிப் பட்டியலில் மேலே நின்ற குழுவின் ஊரிலேயே நடக்கும். ஆகவே, முந்தைய வாரம் அரையிறுதியில் அடிபட்டு வென்ற குழு, காயங்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு, இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் பறக்க வேண்டிய நிலை அடிக்கடி வந்தது.

அப்படிப் பறந்து சென்றவர்களின் கணக்கைப் பாருங்கள். 1996-இல் டர்பன் நகரத்துக் குழு ஆக்லாந்து சென்று 45–21 எனத் தோற்றது. 2001-இல் அதே ஊர்க் குழு கன்பராவில் 36–6 எனத் தோற்றது. 2009-இல் நியூசிலாந்தின் சீஃப்ஸ் குழு பிரிட்டோரியாவில் 61–17 என நொறுங்கியது. 2012-இல் டர்பனின் ஷார்க்ஸ் ஹேமில்டனில் 37–6. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கின் லயன்ஸ் வெலிங்டனில் 20–3. இருபது ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து இறுதியாட்டம் ஆடச் சென்ற ஐந்து குழுக்களும் தோற்றே திரும்பின.

இதைக் கண்டதும் பழியை விமானத்தின் மீது போட்டுவிடத் தோன்றும். நான் அவ்வளவு விரைவாகப் போடமாட்டேன். பட்டியலில் மேலே நின்ற குழுவே சொந்தத் திடலைப் பெறுகிறது. அது முன்பே வலிய குழு. ஹேமில்டனில் 37 புள்ளி எடுத்த சீஃப்ஸ், நடுக்கடலில் திடல் அமைத்து ஆடியிருந்தாலும் வென்றிருக்கலாம். வகுப்பில் முதல் மாணவனுக்கே நல்ல மேசையையும் கொடுத்துவிட்டு, மேசையால்தான் அவன் முதலிடம் பெற்றான் என்று சொல்ல முடியாதல்லவா?

ஆனாலும் 2012-ஆம் ஆண்டின் ஷார்க்ஸ் குழுவை நினைத்தால் மனம் இளகத்தான் செய்கிறது. அவர்கள் காலிறுதிக்கு நிகரான முதல் ஆட்டத்திற்காக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் சென்று 30–17 என வென்றார்கள். அடுத்த வாரமே தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி, கேப்டவுனில் ஸ்டோர்மர்ஸ் குழுவை 26–19 என வீழ்த்தினார்கள். அதற்கடுத்த வாரம் ஹேமில்டன். பிரிஸ்பன் நேரம் தென்னாப்பிரிக்க நேரத்தைவிட எட்டு மணி முந்தியது. நியூசிலாந்து நேரம், அவர்களுடைய குளிர்காலத்தில், பத்து மணி முந்தியது. போகும்போது எட்டு, வரும்போது எட்டு, மீண்டும் போகும்போது பத்து: ஆக, அந்த விளையாட்டாளர்களின் கடிகாரம் மூன்று வாரத்திற்குள் 26 மணி நேரம் முன்னும் பின்னும் நகர்ந்தது. ஒரு முழு நாளுக்கும் மேல்!

கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க ஒரு நொடி போதும். உடற்கடிகாரம் அப்படித் திரும்புவதில்லை. ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற அளவிலேயே அது மெல்ல இசைந்து வரும். கிழக்கு நோக்கிப் பறப்பது மேற்கு நோக்கிப் பறப்பதைவிடக் கடினம் என்பதும் அறிந்ததே. நம் உடலின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது, ஆதலால் பொழுதை நீட்டுவது எளிது, குறுக்குவது அரிது. தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூசிலாந்து கிழக்கே இருக்கிறது. போட்டிக்கோ ஒரே வாரம். உடல் இன்னும் பாதிக் கடலில் இருக்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடும்.

சொந்தத் திடல் என்றால் என்ன என்பதையே கேள்விக்கு உள்ளாக்கிய ஆண்டு 2011. அவ்வாண்டு பிப்ரவரி 22-இல் கிறைஸ்ட்சர்ச் நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டனர். குருசேடர்ஸ் குழுவின் அரங்கமும் சிதைந்தது. அந்த அரங்கில் குருசேடர்ஸ் மீண்டும் ஆடவே இல்லை. அந்தக் குழு தன் ‘சொந்தத் திடல்’ ஆட்டங்களை நெல்சனிலும் திமாருவிலும், ஒன்றை இலண்டன் டுவிக்கன்ஹாம் அரங்கிலும் ஆடியது. வீடிழந்தோர் உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்குவது போல்தான். அப்படி அலைந்த குழு, நெல்சனில் ஷார்க்ஸை 36–8 என வென்று, கேப்டவுன் வரை பறந்து அரையிறுதியை 29–10 எனக் கைப்பற்றி, ஏழே நாளில் பிரிஸ்பனில் ரெட்ஸ் குழுவோடு இறுதியாட்டம் ஆடியது. 18–13 எனத் தோற்றது. வில் ஜெனியா தம் பாதித் திடலிலிருந்து தனியே ஓடி அடித்த புள்ளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அவரைத் துரத்தியவர்களின் கால்களில் கேப்டவுனும் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. இது என் எண்ணம்தான். ரெட்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010-இல், பிரிட்டோரியாவின் புல்ஸ் குழு உலகக்கிண்ணக் காற்பந்துக்காகத் தன் அரங்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அரையிறுதியையும் இறுதியையும் சொவேட்டோவின் ஓர்லாண்டோ அரங்கில் ஆடியது. இரவல் வீடு, ஆனால் இரண்டையும் வென்றது. வீரர்கள் தங்கள் வீட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து திடலுக்குச் சென்றார்கள் என்பதை மறக்கக்கூடாது.

இரவல் வீடு எப்போதும் கைகொடுப்பதில்லை. ஜப்பானின் சன்வுல்வ்ஸ் குழு 2016-இல் தன் ‘சொந்த’ ஆட்டங்கள் சிலவற்றைச் சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆடியபோது, பாலத்தைக் கடந்து நானும் என் மைத்துனரும் மார்ச் மாதம் சென்றிருந்தோம். எதிரே சீட்டாஸ். தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் பறந்து வந்தவர்கள் அங்கே வீட்டுக்காரர்கள்! 32–31 என ஒரே புள்ளியில் தோற்றார்கள். “இது யாருக்கு மாமா சொந்தத் திடல்?” என்று மைத்துனர் கேட்டார். நமக்குத்தான், வெயிலும் புழுக்கமும் பழகியவர்கள் நாம்தானே என்றேன்.

2017-இல் குருசேடர்ஸ் அந்த இருபது ஆண்டுக் கணக்கை உடைத்தது. 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஜோகன்னஸ்பர்க் சென்று, பட்டியலில் முதலிடம் பெற்ற லயன்ஸை 25–17 என வென்றது. முதற்பாதி முடியுமுன் லயன்ஸ் வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றதும் அதற்கு உதவியது.

2020-க்குப் பின் தென்னாப்பிரிக்கக் குழுக்கள் அங்கிருந்து விலகி, ஐரோப்பியக் குழுக்களோடு ஆடத் தொடங்கின. அங்கே வேறொரு கதை. 2023-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் குழு கிளாஸ்கோவில் வென்று, டப்ளினில் வென்று, கேப்டவுனில் ஸ்டோர்மர்ஸை 19–14 என வென்று கிண்ணம் ஏந்தியது. மூன்றும் பிறர் திடல். 2024-இல் கிளாஸ்கோ குழு பிரிட்டோரியாவில் புல்ஸை 21–16 என வென்றது. தூரம் குறைவன்று. ஆனால் அது வடக்கும் தெற்குமான பயணம். கோடையில் நேர வேறுபாடு ஒரே மணி. கால் மரத்துப்போகும், முதுகு வலிக்கும். இரவு இரவாகவே இருக்கும். இரண்டு ஆட்டங்களை வைத்து விதி எழுத முடியாதுதான், ஆனாலும் தூரத்தைவிடத் தூக்கமே பெரிது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது இவற்றால்தான்.

நம் பிள்ளைகளுக்கு நேர வேறுபாடு இல்லை. அவர்களுக்கு இருப்பது விடியற்காலை நான்கு மணி. அந்நேரம் எழுந்து, வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் பேருந்தில் குலுங்கி, இறங்கியவுடன் அஞ்சல் ஓட்டத்திற்கு வரிசையில் நிற்கும் பத்து வயதுக் குழந்தையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! போட்டியை நடத்தும் பள்ளியின் பிள்ளைகளோ ஏழு மணிக்கு எழுந்து, தங்கள் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் உண்டு, தங்களுக்குத் தெரிந்த கழிவறைக்குப் போய்வந்து ஓடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், முந்தைய நாளே பிள்ளைகளை அழைத்துச் சென்று அவ்வூர்க் கோவில் மண்டபத்தில் தங்க வைக்கலாம் என்று கேட்டேன். லாரி ஓட்டும் தந்தை ஒருவர் எழுந்து, “ஐயா, பிள்ளைங்க தூங்குறதுக்கா இவ்வளவு செலவு? பஸ்லயே தூங்கிக்குவாங்களே” என்றார். நியாயமான கேள்வி, அவர் வருமானத்தில் அந்தத் தொகை சிறிதன்று. நான் ஷார்க்ஸ் குழுவின் 26 மணி நேரக் கணக்கை எடுத்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “நானும் ராத்திரி லாரி ஓட்டிட்டு மறுநாள் இப்படித்தான் இருப்பேன்” என்றார். சமையலுக்கு அரிசியை அவரே கொண்டுவந்தார்.

பிள்ளைகள் பாய்களில் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்தார்கள். பத்தரை வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார்கள். முதலிடம் போட்டி நடத்திய பள்ளிக்கே.