பிளவக்கல் காற்று

“சினிமாவுல வராத பாட்டை யாருடா கேப்பா?”

மகன் கிட்டாரை எடுக்கும்போதெல்லாம் அப்பா கேட்கும் கேள்வி இது. ராஜபாளையத்து இளைஞனான அவனுக்கோ, நண்பர்களோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றியே ஒரு ராக் ஆல்பம் செய்ய ஆசை. வேலைக்குப் போகாமல் ஒரு வருடம் அவகாசம் கேட்டான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அம்மா வற்புறுத்தியதால் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு பிளவக்கல் பெரியாறு அணைக்குப் போனார்கள். புளியோதரை சாப்பிட்டு முடித்ததும், மகன் செல்போனில் ஒரு இசையை ஓடவிட்டான். புல்லாங்குழல். கை கழுவப் போன அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“‘நத்திங் பட் விண்ட்’ தானே? கேசட் தேயுற வரைக்கும் கேட்டிருக்கேன்!”

இளையராஜா 1988-ல் வெளியிட்ட ஆல்பம். குழல், ஹரிபிரசாத் சௌராசியா. கதாநாயகன் இல்லை, பாடல் வரிகள் இல்லை; காற்றுதான் கரு. அதைப் படைத்தவர் பிறந்த பண்ணைப்புரமும் இந்த மலைகளுக்கு அந்தப் பக்கம்தான்.

“இது எந்தப் படத்துலப்பா வந்துச்சு?” மெதுவாகக் கேட்டான் மகன்.

அப்பா பதில் சொல்லவில்லை. இசை முடியும்வரை அணைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு மாசம்தான் டைம். பெரியாறு, கோவிலாறு ரெண்டையும் பாட்டுல விட்றாத.”