கையை உயர்த்திய அக்காவுக்கு



போன ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு நம் வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டிருந்தீர்கள்: “மன்னிச்சிடுங்க கோச், முடிக்க முடியலை.” அதற்குக் கீழே வரிசையாக ஆறுதல் வந்து விழுந்தது. நான் மட்டும் எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது அது நாலு வரியில் அடங்குவதாக இல்லை. நான் நன்றி சொல்ல வேண்டிய நாளில் நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்களே என்ற தவிப்பு இந்த ஐந்து நாளாக என்னை விடவில்லை. “பேர் மட்டும் போடாதீங்க தம்பி, மத்தபடி எழுதிக்குங்க” என்று நீங்கள் அனுமதி தந்ததால், எல்லோரும் படிக்கும்படியே இதை எழுதுகிறேன். பயிற்சியாளர்கள் நாலு பேராவது இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் முடிக்க முடியவில்லை என்றது, கோவாவில் மிராமார் கடற்கரையில் 2019-இல் தொடங்கிய ஹாஃப் அயர்ன்மேன் போட்டி. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறிய ஈரத்தோடு 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கிய காலோடு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நீச்சலுக்கு மட்டும் தனியாக 1 மணி 10 நிமிடம். வெதுவெதுப்பான கடல் என்பதால் உடம்பை மிதக்கத் தாங்கும் வெட்சூட்டுக்கு அனுமதி இல்லை. கையும் காலும் மூச்சும்தான் துணை. 48 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டு, 53 வயதில் அந்தக் கடலுக்குள் இறங்கினீர்கள்.

அதற்கு முந்தைய ஆறு வாரத்தை வெளியில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள். கோவாவில் கடல் அடங்கிப் போட்டிக்கு ஏற்றதாக ஆகும் அதே ஐப்பசியில்தான் நம் பக்கத்துக் கடல் கொந்தளிக்கிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்கக் கோவளத்தில் அலை எகிறும், கலங்கல் ஏறும், கட்டுமரத்துப் பிள்ளைகளாய் வளர்ந்தவர்களே படகை மேட்டில் ஏற்றிவிடுவார்கள். கடலுக்குப் பழக வேண்டிய கடைசி நாட்களை நீச்சல் குளத்தில் கழிப்பதுதான் சென்னைக்காரர்களின் தலையெழுத்து. குளத்தில் அடியில் கோடு தெரியும், ஐம்பது மீட்டரில் சுவர் வரும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். கடலில் சுவர் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: சுவர் வேண்டும் என்றால் கையை உயர்த்துங்கள், கயாக் படகு வரும்.

போட்டி நாளில் பயிற்சியாளருக்கு வேலை கிடையாது. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. கால்பந்தில் கோட்டோரம் நின்று கத்தலாம், டென்னிஸில் இப்போது சைகைகூடக் காட்டலாம். இந்த மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் வெளியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் வீரரைத் தகுதி நீக்கம் செய்யும் அளவுக்குப் போகலாம். வேலிக்கு வெளியே நின்று பெயரைக் கூவலாம், அவ்வளவுதான். அது நல்ல விதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு வருடம் முழுக்க உங்கள் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கணக்கெடுத்தவனுக்கு, அன்றைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது எளிதல்ல.

நான் எண்ணுவதற்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். சைக்கிள்கள். நீச்சல் முடித்தவர்கள் ஓடி வந்து சைக்கிளை எடுக்கும் டிரான்சிஷன் பகுதிக்கு வெளியே, நம் குழுவில் போட்டியிட்ட நால்வரின் சைக்கிள்களும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்வேன். சைக்கிள் போய்விட்டால் ஆள் கடலிலிருந்து வந்துவிட்டார் என்று அர்த்தம். பல் டாக்டரின் வெள்ளைச் சைக்கிள் முதலில் போனது. அடுத்து கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி. சுற்றிலும் கம்பிகள் காலியாகிக்கொண்டே வந்தன. உங்களுக்குப் பின்னால் கடலில் இறங்கிய நம் பி.டி. வாத்தியார்கூட ஓடி வந்து சைக்கிளை எடுத்தார். உங்கள் நீலச் சைக்கிள் மட்டும், ஹெல்மெட் கைப்பிடியில் கவிழ்ந்தபடி, நின்றுகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகள் செய்தி அனுப்பினாள்: “கோச், அம்மாவோட புள்ளி நகரலையே?” செயலியில் தெரியும் புள்ளி உண்மையில் ஆள் இருக்கும் இடம் அல்ல. கணுக்காலில் கட்டிய சிப், நேரம் பதியும் பாயைத் தாண்டும்போதுதான் உண்மைச் செய்தி வரும். இடையில் ஓடுவதெல்லாம் மதிப்பீடு. பாய் கடலுக்குள் கிடையாது. இதையெல்லாம் அவளுக்கு விளக்கி எழுத என் விரல் வரவில்லை. “பார்க்கிறேன்மா” என்று மட்டும் அனுப்பிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பத்து வருடப் பயிற்சியாளர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் கண்டதில்லை.

ஏன் அவ்வளவு பயந்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. இந்த விளையாட்டில் உயிர் போவது பெரும்பாலும் சைக்கிளிலோ ஓட்டத்திலோ அல்ல. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நிகழ்ந்த திடீர் மரணங்கள், இதயம் நின்று மீட்கப்பட்டவை, விபத்து மரணங்கள் எல்லாவற்றையும் மருத்துவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டி இருந்தது. அவர்கள் எழுதிய கட்டுரையைப் படித்த நாளிலிருந்து நான் கரையில் நிற்கும் விதமே மாறிப்போனது.

இன்னொன்றும் உண்டு. அதை இத்தனை வருடம் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உங்களுக்கு முந்தைய குழுவில் ஒரு பையன் இருந்தான். நல்ல திறமை. கடல் பயிற்சியில் ஒரு நாள் திணறினான், கையை நிறுத்திப் படகைப் பார்த்தான். படகில் இருந்தவன் நான். “இன்னும் நூறு மீட்டர்தான், விடாதே!” என்று கத்தினேன். அவன் விடவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக நீந்தினான். கடைசியில் நினைவு தப்பும் நிலையில் படகுக்காரர்தான் குதித்துத் தூக்கினார். பிழைத்துக்கொண்டான், நன்றாக இருக்கிறான். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. அவன் என்னைக் குறை சொன்னதும் இல்லை. படகைப் பார்த்த அந்த முகத்தை நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. தவறு என்னுடையது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கடல் பயிற்சியையும் கை உயர்த்துவதில் தொடங்க ஆரம்பித்தேன். மல்லாந்து மித, ஒரு கையை உயர்த்து, படகின் விளிம்பைப் பிடி, மூச்சை எண்ணு. பிடித்துக்கொண்டு முன்னே நகராதவரை விதியும் அதற்கு இடம் தருகிறது. இரண்டு நிமிடத்தில் மூச்சு அடங்கினால் போ, அடங்காவிட்டால் படகில் ஏறு. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பயிற்சியில் எல்லோரும் செய்வார்கள், போட்டியில் ஒருவரும் செய்ததில்லை. திணறியவர்கள்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறி, பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்கள். கையை உயர்த்துவது மானக்கேடு என்று அவர்கள் மனசுக்குள் எங்கோ எழுதியிருந்தது. எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. முடியாது என்ற சொல்லே கூடாது என்று நானும்தானே காலையும் மாலையும் குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன்!

இந்த விளையாட்டின் புகழே அப்படி ஒரு காட்சியில் பிறந்ததுதான். 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி, முடிவுக்கோட்டுக்குச் சில அடி முன்னால் விழுந்தார். இன்னொரு பெண் அவரைத் தாண்டிப் போய் 29 விநாடி வித்தியாசத்தில் வென்ற பிறகும், ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் உலகம் இந்தப் போட்டியை அறிந்தது. அந்தக் காணொளியை நானும் நூறு முறை உங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். இன்றும் அதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் தரையில் விழுந்தவர் தவழலாம். தண்ணீரில் தவழ முடியாது. இந்த வித்தியாசத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீங்கள் சொல்லாமலே புரிந்துகொண்டீர்கள்.

அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். பாதி தூரத்தைத் தாண்டியதும் இருமல். மூச்சு மேலோடு நின்றது. கையை உயர்த்தினீர்கள். கயாக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினீர்கள். அடங்கியது போலிருந்ததால் மறுபடி நீந்தினீர்கள். மறுபடி இருமல். இரண்டாவது முறை கையை உயர்த்தியபோது, “போதும், ஏத்திக்கோங்க” என்றீர்கள். முதல் முறை உயர்த்துவதுகூடச் சுலபம் அக்கா. கரை கண்ணுக்குத் தெரியும்போது, கையில் நேரமும் மிச்சம் இருக்கும்போது, இரண்டாவது முறை உயர்த்தியதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

மருத்துவக் கூடாரத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நீந்தும்போதே சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு, அதன் ஆரம்பமாக இருக்கலாம், சீக்கிரம் வெளியே வந்ததே நல்லது என்று டாக்டர் சொன்னாராம். சென்னை வந்ததும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். அதைத் தள்ளிப்போடாமல் திங்கட்கிழமையே போனீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி. அந்தக் கயாக்கில் இருந்த பிள்ளை யாரென்று நமக்குத் தெரியாது. இரண்டு முறையும் உங்களை அவசரப்படுத்தாமல், “மெதுவா, மெதுவா” என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான் என்றீர்கள். அந்தப் பிள்ளைக்கு என் வணக்கம்.

பிறகு நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டல் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். துண்டைப் போர்த்திக்கொண்டு சாலையோரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டீர்கள். வெயில் ஏற ஏறத் தார் கொதித்தது, காற்றில் ஈரம் பிசுபிசுத்தது. ஓட்டப் பாதை சுற்றாகப் போவதால் ஒவ்வொருவரும் நம்மைத் திரும்பத் திரும்பக் கடந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கால்களைப் பார்த்தீர்கள். “பல் டாக்டர் வலது காலை இழுக்கிறார் பாருங்க” என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்தது நீங்கள்தான். உங்கள் உள்ளங்கையில் மீந்துபோன உப்பு மாத்திரை இருந்தது. கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும் அதை இறுக மூடிக்கொண்டே நின்றீர்கள். தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் டாக்டர் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றியபோதுதான் அந்தக் கை திறந்தது. இத்தனை வருடமாக நான் தனியாகச் சுமக்கும் அந்தத் தவிப்பில் முதல் முறையாக இன்னொருவர் பங்கு போட்டுக்கொண்டார்.

டாக்டரும் தம்பியும் நல்ல நேரத்தில் முடித்தார்கள். வாத்தியார் வரவில்லை. எட்டு மணி நேரம் ஆனபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எட்டு மணி பதினேழு நிமிடத்தில் அவர் வந்தார். அவர் வாயிலிருந்து வந்த கதையை நீங்களும் கேட்டீர்கள், இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன். சைக்கிளில் எழுபதாவது கிலோமீட்டரில் தலை சுற்றியிருக்கிறது. வழக்கமான வாத்தியார் என்றால் மிதித்துக்கொண்டே போய் எங்காவது சரிந்திருப்பார். அன்று இறங்கி, மர நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கண் தெளிந்த பிறகு ஏறியிருக்கிறார். “அக்கா படகுல ஏறுறதைக் கடல்லயே பார்த்துட்டேன் கோச். அக்காவே நிறுத்தியிருக்காங்க, நான் உக்கார்றதுல என்ன இருக்குன்னு தோணுச்சு” என்றார். நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

போட்டிப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே முடிக்கவில்லை என்றுதான் இருக்கிறது. என் நோட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்: சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபடி செய்தவர், முதல் ஆள். முடியாது என்ற சொல்லே கூடாது என்று நம் குழுவில் ஒட்டிவைத்திருந்த அந்த வாசகங்களையும் எடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்ட அந்த வரியை நீங்களே அழித்துவிடுங்கள் அக்கா. அன்று நான் கத்தியதைக் கேட்டு நீந்திய அந்தப் பையனின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்க வேண்டிய மன்னிப்பை நேற்று அவனிடம் கேட்டேன்.

டாக்டர் சரி என்று சொன்னால், தை மாதம் கடல் அடங்கியதும் தொடங்கலாம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, காலை ஆறு மணி, கோவளம். படகுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.


உங்கள் கோச்