மங்காத விளக்கு

2006 மார்ச்சில் நண்பர்கள் மூவர் வெள்ளியங்கிரி மலை ஏறினோம். பூண்டி அடிவாரத்திலிருந்து இரவில் புறப்பட்டபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டார்ச். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்தது. விரல் பருமனுள்ள ஒற்றை பேட்டரியில் எரிவது. கடைசி வரை ஒளி மங்காது என்று உறையில் அச்சிட்டிருந்தது. மங்காத விளக்குக்கு மாற்று பேட்டரி எதற்கு என்று நாங்கள் எடுத்துச் செல்லவில்லை.

நான்காவது மலையில், ஒரு பாறைத் திருப்பத்தில், அது சட்டென்று அணைந்தது. ஒரு நிமிடம் முன்பு வரை பால்போல் வெளிச்சம். இப்போது காலடியில் இருப்பது கல்லா பள்ளமா என்று தெரியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி நின்றோம்.

காரணத்தைப் பின்னர்தான் படித்தறிந்தோம். பழைய குண்டு பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் டார்ச்சின் எல்.இ.டி.க்கோ சுமார் 3 வோல்ட் வேண்டும். புதிய பேட்டரி தருவதே 1.5 வோல்ட். உள்ளிருக்கும் சிறு மின்சுற்று, கம்பிச்சுருள் ஒன்றில் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டும் நிறுத்தியும் அழுத்தத்தை உயர்த்துகிறது. பேட்டரி தளர்ந்து 1 வோல்ட்டுக்கு இறங்கினால், அதே ஒளியைக் காக்க ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. தளரத் தளரக் கூடுதலாகச் சுரண்டுகிறது. சுரண்ட ஏதுமில்லாதபோது ஒளி ஒரேயடியாகச் சரிகிறது.

அன்று எங்களுக்குத் துணையாக வந்தவர் மூங்கில் தடியூன்றி ஏறிய ஒரு பெரியவர். அவருடைய தகர டார்ச்சின் ஒளி மஞ்சள் பூத்திருந்தது.

"என்ற பின்னாலயே வாங்க கண்ணு" என்றார்.

"உங்கள் விளக்கும் மங்குகிறதே ஐயா?" என்று கேட்டோம்.

"கட்டை தீரப்போகுதுன்னு அதுதான் ரொம்ப நேரமாச் சொல்லீட்டே வருதுங்களே!"

சற்று மேலே சமதளம் வந்ததும் அமர்ந்தார். மடியிலிருந்து இரண்டு புதிய கட்டைகளை எடுத்து, எஞ்சியிருந்த அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே அவற்றின் முனைகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகே விளக்கை அணைத்துத் திறந்தார்.

இன்றைய நல்ல டார்ச்சுகள் முடிவு நெருங்கும்போது படிப்படியாக ஒளியைத் தாழ்த்தியோ, கண்சிமிட்டியோ எச்சரிக்கின்றன. எங்கள் பழைய டார்ச்சும் இன்னும் எரிகிறது. அதன் ஒளியை நாங்கள் குறை சொல்வதில்லை. எரியத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். சட்டைப்பையில் ஒரு மாற்று பேட்டரியும் இருக்கிறது.