கேலாங் வழியும் மோட்டார் சைக்கிள் பாட்டரியும்

தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களுக்குக் கரோல் பாக் புதிய இடமன்று. பிழைப்பை நாடி வடக்கே வந்த நம்மவர் பலர் முதன்முதலில் குடியேறிய பகுதிகளுள் அதுவும் ஒன்று. அதே கரோல் பாகில் மோட்டார் சைக்கிளுக்கென்றே அமைந்த தெருக்கள் சில உள்ளன. இமயமலைக்குப் புறப்படும் இளைஞர் அங்கே வண்டியை வாடகைக்கு எடுப்பர். சொந்த வண்டி உடையவர் கூடுதல் விளக்கும் பெட்டியும் பொருத்திக்கொள்வர். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். தாய்மார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்திதான். என்றாலும் தடுத்து நிறுத்த யாரால் இயலும்?

சென்ற செப்டம்பர் இறுதியில், அலுவலக நண்பர் ஒருவரோடு அவருடைய வண்டியில் லாஹூல் பள்ளத்தாக்குவரை சென்று வந்தோம். தில்லியிலிருந்து மணாலி ஏறத்தாழ 530 கிலோமீட்டர். மண்டியைக் கடந்தபின் பியாஸ் நதி வழித்துணையாக வந்து சேர்கிறது. மணாலிக்கு அப்பால் முன்னாளில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் பனி மூடினால் அப்பாலுள்ள மக்கள் மாதக்கணக்கில் உலகத்தொடர்பு அற்றிருப்பர். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. சுரங்கத்துள் நுழையும்போது தேவதாரு மரங்களின் பசுமை. கால்மணி நேரத்துக்குள் வெளிவந்தால் மரமற்ற பழுப்பு மலைகள், அடிவாரத்தில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளையும் சிறு வயல்கள். தாண்டியில் சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கூடிச் செனாப் ஆகின்றன. அவ்வூர்ப் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதியிருந்த பலகை நெடுங்காலம் பிரயாணிகளிடையே புகழ்பெற்றது. அதைப் படித்தவர் அனைவரும் எண்ணெயைப் பற்றிக் கவலை கொண்டனர். பாட்டரியைப் பற்றி எவரும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை.

கேலாங் 3,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். இரவுக் குளிர் எலும்பைத் தொட்டது. மறுநாள் காலை நண்பர் பொத்தானை அழுத்தினார். “கிட கிட” என்னும் ஓசை மட்டுமே எழுந்தது. விளக்கு மங்கி அணைந்தது. நண்பருக்கு மூன்றாம் நாள் மாலை அலுவலகத்தில் முறைவேலை. விடுப்பு மீதமில்லை.

பழைய வண்டியாயிருந்தால் காலால் உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் இல்லை. சிறிய மின்சாரப் பம்பு ஒன்று பெட்ரோலைத் தள்ளுகிறது. அளவை ஒரு மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. பாட்டரி அடியோடு வற்றினால், மேட்டிலிருந்து உருட்டிவிட்டாலும் இவை கிளம்புவது அரிது.

நண்பருக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் தில்லிக் கடைக்காரர் ஒருவர், “பாட்டரி போய்விட்டது” என்று சொல்லிப் புதியது விற்றிருந்தார். மீட்டர் வைத்துப் பார்க்கவேயில்லையாம்.

விடுதிக்காரர் அழைத்துவந்த லாஹூல் மெக்கானிக் முதியவர். “பாபுஜி, புதுப் பாட்டரி வாங்குவது எளிது. பழையது ஏன் பட்டினி கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றார் இந்தியில். பட்டினி என்னும் அச்சொல் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதன் உட்பொருள் விளங்குவது கடினமன்று. பெரம்பூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் கட்டப்பட்ட பழைய வகைப் பெட்டிகளைப் பலர் அறிவர். அவற்றுள் பெரும்பாலானவற்றில், சக்கர அச்சோடு பெல்ட்டால் இணைந்து பெட்டியின் அடியில் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். ரெகுலேட்டர் அதைச் சீர்படுத்திப் பாட்டரிக்கு ஊட்டும். வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால் விளக்குகள் மங்கும். மோட்டார் சைக்கிளிலும் அதே ஏற்பாடுதான். இன்ஜினுக்குள் ஸ்டேட்டர் என்னும் கம்பிச்சுருள்; அதிலிருந்து மூன்று ஒயர்கள்; மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி அளவுபடுத்தும் ரெகுலேட்டர்; கடைசியில் பாட்டரி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பழி பாட்டரியின் தலையில்தான் விழுகிறது.

முதியவர் முதலில் பாட்டரி முனைகளைத் திருகிப் பார்த்தார். தளர்ச்சியோ பூஞ்சணமோ இல்லை. மீட்டரில் 11.8 வோல்ட்டு. சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல ஈயப் பாட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி வற்றியது. 12-க்குக் கீழே ஏறத்தாழக் காலி. குளிரில் பாட்டரியின் வலிமை இன்னும் குறையும். தில்லியின் கோடை வெயில் பாட்டரியின் ஆயுளைத் தின்கிறது, மலைக்குளிர் அந்த உண்மையை வெளிப்படுத்துகிறது என்பார்கள். ஆனால் இதுவோ புதுப் பாட்டரி.

அருகிலிருந்த ஜீப்பின் இன்ஜினை ஓடவிடாமல், அதன் பாட்டரியிலிருந்து ஒயர் எடுத்தார். முதலில் நேர்முனையோடு நேர்முனை. எதிர்முனை ஒயரை மோட்டார் சைக்கிளின் வெற்று உலோகப் பகுதியில் மாட்டினார். வண்டி உடனே உயிர்பெற்றது. ஒயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்தார்: 12.1. திராட்டிலை முறுக்கியும் 12.4-ஐத் தாண்டவில்லை. அங்கே 13.5 முதல் 14.5 வரை காட்டியிருக்க வேண்டும். ஊட்டம் வரவில்லை என்பது ஐயமற விளங்கியது. (15-ஐத் தாண்டுமானால் ரெகுலேட்டர் அளவின்றி ஊட்டுகிறது என்று பொருள், அது பாட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும்.) வண்டி ஓடும்போது பாட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. அதை அவர் வன்மையாகக் கண்டித்தார். இன்றைய மின்னணுக் கருவிகள் அந்த அதிர்ச்சியைத் தாங்கமாட்டா.

பின்னர் இன்ஜினை நிறுத்தி, ஸ்டேட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலுள்ள பிளக்கைப் பிரித்தார். காரணம் கண்ணெதிரே இருந்தது. மூன்று முனைகளுள் ஒன்று தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக்கையே உருக்கிக் கருக்கியிருந்தது. எனினும் அவர் அத்தோடு நிற்கவில்லை. ஸ்டேட்டர் ஒயர்கள் வண்டியின் உடலோடு தொடர்பு கொண்டுள்ளனவா என்று பார்த்தார், இல்லை. ஜீப்பின் உதவியால் மறுபடி கிளப்பி, இரண்டிரண்டு ஒயர்களாக மாறுமின்சாரத்தை அளந்தார்; மூன்று அளவுகளும் ஒத்திருந்தன. ஸ்டேட்டர் நலமே. கருகிய பகுதியை வெட்டியெறிந்து, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து உறையிட்டார். மீட்டர் 14.1 காட்டியது. நண்பரின் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடிற்று. கூலியாக அவர் கேட்ட தொகை புதுப் பாட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

முனை கருகியதற்குக் காரணம் வினவினோம். நண்பர் தில்லியில் பொருத்தியிருந்த இரண்டு மூடுபனி விளக்குகளைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் முன்விளக்கு, இன்ஜின் ஓடும்வரை அணைவதேயில்லை. அதன்மேல் கூடுதல் விளக்கும், கைப்பேசிக்கு ஊட்டமும் சேர்ந்தால், ஸ்டேட்டர் தரும் அனைத்தையும் உறிஞ்சுவதாகும். தளர்ந்த முனை அந்தச் சுமையில் சூடேறும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு வரவைவிடச் செலவு மிகுதி. மாதச் சம்பளக்காரராகிய நமக்கு இதை விளக்கவா வேண்டும்? அன்று மூடுபனி விளக்குகளின் ஒயரைக் கழற்றிவிட்டே திரும்பினோம். நண்பர் உரிய நேரத்தில் அலுவலகம் சேர்ந்தார்.

மலைக்கே போகாத வீடுகளுக்கும் ஒரு செய்தி உண்டு. கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குச் சென்று, நாற்பது நாள் கழித்துத் திரும்புகிறோம். மாடிப்படியின் கீழ் நிற்கும் வண்டி கிளம்ப மறுக்கிறது. நின்ற நிலையிலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. பாட்டரி தானாகவும் வற்றுகிறது. வற்றிய நிலையில் பல நாள் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்புப் படிந்து, பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. ஆகவே புறப்படும் முன், பாட்டரி நிறைந்திருக்கும்போதே, எதிர்முனையைக் கழற்றி வைத்துச் செல்லுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். தகுந்த ஸ்பானர் பெரும்பாலும் வண்டியோடு வந்த பையிலேயே இருக்கும்.