குழிக்குள் ஒரு கோடை

கோடை விடுமுறை விட்டதும் கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சிலர் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்குக்கு, சிலர் டேலி வகுப்புக்கு. இரண்டு பேருக்குக் கல்யாணம். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வந்து எம்.ஏ. வரலாறு படிக்கும் அவள் மட்டும் மண் தோண்டப் போனாள். மூன்று வார அகழாய்வுப் பயிற்சி முகாம்.

வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சது மண்ணு வாரத்துக்கா? அதுக்கு நூறு நாள் வேலைக்கே போயிருக்கலாமே" என்றார் அப்பா. "கறுத்துப் போயி வருவ, அப்புறம் எவன் கட்டிப்பான்?" என்றார் அம்மா. திட்டிக்கொண்டே பையில் இரண்டு பழைய சுடிதாரும் ஒரு தொப்பியும் எடுத்து வைத்தவரும் அவர்தான்.

முகாமில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. முதல் மூன்று நாள் மண்வெட்டியை யாரும் தொடவே இல்லை. டேப், கயிறு, ஆணி, திசைகாட்டி மட்டும்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றை அளந்து முக்கோணம் பிடித்தால் மூலை சரியாக வந்துவிடும் என்று எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ், அங்கே வயல்வெளியில் வேலைக்கு வந்தார். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவில் வரப்பு மாதிரி கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் விடவேண்டும். அந்தச் சுவரில்தான் மண் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

நான்காம் நாள் கையில் கரணை வந்தது. வீடு கட்டும்போது கொத்தனார் வைத்திருப்பாரே, அதேதான். தோண்டக் கூடாது, சுரண்ட வேண்டும். உள்ளூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு அக்காதான் இதில் அவளுக்கு உண்மையான வாத்தியார். "சத்தத்தைக் கேளு கண்ணு. இங்க டக்கு டக்குங்குது, அங்க பொதபொதன்னு இருக்குது பாரு. ரெண்டும் வேற மண்ணு" என்பார். பள்ளிக்கூடம் தாண்டாதவர். நோட்டில் 'அடுக்கு மாறுகிறது' என்று பேராசிரியர் எழுதச் சொல்வதற்கு முன்பே அந்த அக்காவின் கை நின்றுவிடும்.

முகாமை உலுக்கிய சம்பவம் ஒரு மணியால் நடந்தது. பக்கத்துக் குழியில் இருந்த மாணவன் ஒருவனுக்கு சூதுபவள மணி கிடைத்தது. செக்கச்செவேல் என்று, மாதுளை முத்து அளவுக்கு. சந்தோஷத்தில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்.

"எங்க இருந்துச்சு?"

அவன் குழியைக் காட்டினான். குழியில் எங்கே, எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த மண்ணில், கூட என்ன இருந்தது? அவனால் சொல்ல முடியவில்லை. மணி கவருக்குள் போனது. சீட்டில் 'இடம் உறுதியில்லை' என்று எழுதச் சொன்னார் பேராசிரியர். யாரையும் திட்டவில்லை. "இனிமே இது அழகான மணி. அவ்வளவுதான்" என்றார். அன்று மதியம் அந்தப் பையன் சாப்பிடவில்லை.

அந்த வார்த்தையின் அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நன்றாகப் புரிந்தது. மாணவர்களைப் புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மரங்களும் பழைய செங்கல் சுவர்களுமாக அமைதியாக இருக்கும் மேடு. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், அந்த ஆண்டே தட்சசீலத்தில் மாணவர்களுக்கு ஓர் அகழாய்வுப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். மறு ஆண்டு, 1945-ல், அரிக்கமேட்டைத் தோண்டினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது.

தென்னிந்தியாவில் பழைய பானை ஓடுகளுக்குப் பஞ்சமில்லை. அவை எந்தக் காலத்தவை என்பதுதான் தெரியாமல் இருந்தது. அரிக்கமேட்டில் இத்தாலி நாட்டுப் பானைகளும் உள்ளூர்ப் பானைகளும் ஒரே மண் அடுக்குகளில் சேர்ந்து கிடந்தன. இத்தாலியப் பானையின் காலம் ஏற்கெனவே தெரியும். ஆகவே பக்கத்தில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் காலம் கிடைத்தது. அதே வகை ஓடு வேறு ஊரில் கிடைத்தால் அந்த ஊருக்கும் கிடைத்தது. அந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. கயிறு கட்டிச் சதுரம் போடும் முறையும் வீலர் இங்கே வேரூன்றச் செய்ததுதான்.

பொருளைவிட அது கிடந்த இடம்தான் பேசும் என்பதற்கு இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வந்தவாசி வட்டத்தில் உள்ள கீழ்நமண்டியில் தமிழகத் தொல்லியல் துறை 2023-ல் அகழாய்வு தொடங்கியது. கல்வட்டங்கள் நிறைந்த ஈமக்காடு அது. அங்கே சுடுமண் ஈமப்பேழை இருந்த குழியில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 1692 என்று 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை சொன்னது. கரித்துண்டு தெரிந்தால் ஏன் வெறும் கையால் தொடக் கூடாது, ஏன் அலுமினியத் தாளில் பொதிந்து வைக்க வேண்டும் என்று முகாமில் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் அதுதான். அந்தச் சிறு கரித்துண்டுக்குள் ஓர் ஆண்டுக்கணக்கு இருக்கலாம்.

அவளுடைய குழியிலோ ஒன்றுமே வரவில்லை. ஒன்பது நாள். தினமும் மாலை நோட்டில் ஆழத்தை எழுதி, மண்ணின் நிறத்தை எழுதி, 'தொல்பொருள் ஏதும் இல்லை' என்று எழுதினாள். ஆறாம் நாள் எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுவும் தகவல்தாம்மா" என்றார் பேராசிரியர். "அவங்க இந்தப் பக்கம் குடியிருக்கல. ஊரு எங்க முடியுதுன்னு உன் குழிதான் சொல்லுது."

ஜூன் நடுவில் கறுத்துப் போய்தான் வீடு திரும்பினாள். வந்த மறுநாள், சின்ன வயதிலிருந்து ஆடு மேய்த்த பெரியப்பாவின் மேட்டு நிலத்துக்குப் போனாள். பாண்டவர் குழி என்று ஊரில் சொல்லும் இடம். வட்டமாகக் கிடந்த பாறைக்கற்களை எத்தனையோ முறை தாண்டிக் குதித்திருக்கிறாள். இப்போது எண்ணிப் பார்த்தாள். மூன்று வட்டங்கள்.

பெரியப்பா அந்த நிலத்தை மனைக்காரர்களுக்கு விலை பேசி முடித்திருந்தார். அட்வான்ஸும் வாங்கியாயிற்று. ஜே.சி.பி. வைத்துக் கல்லை அகற்றித் தருவது அவர் பொறுப்பு. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் கண்ணு. ஆபீசருங்க வந்து போர்டு நட்டுட்டா அப்புறம் எவன் வாங்குவான்? உங்க அண்ணன் வாங்கின கடனை யாரு கட்டறது?"

அவளிடம் பதில் இல்லை. மூன்று வார முகாமில் இதற்கு வகுப்பு எடுக்கவில்லை. மூவாயிரம் வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவளுக்கு, மூன்று லட்ச ரூபாய்க் கடனைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. அழாமல், சண்டை போடாமல் ஒன்று மட்டும் கேட்டாள். "கொஞ்ச நாள் டயம் குடுங்க பெரியப்பா. நான் அளந்து எழுதிக்கிறேன்."

பெரியப்பா யோசித்தார். "ஆடி வருது. ஆவணி பொறக்கற வரைக்கும் எப்படியும் பத்திரம் பதிய மாட்டாங்க. அதுவரைக்கும் கல்லைத் தொடல, போ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வந்தவர்களுக்கு நடுவில், கல்வட்டத்துக்காக ஒரு மனு. யாராவது வந்து பார்ப்பார்களா, ஆவணிக்கு முன்னால் வருவார்களா, வந்தால் பெரியப்பாவுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ரசீதில் இல்லை.

தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போகிறாள். டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆயா வருகிறார். மூன்றாம் வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஆயா சொன்னார்: "இங்க ஒரு பெரிய கல்லு இருந்துச்சு. நான் கல்யாணமாயி வந்த வருஷம் கெணறு வெட்டினாங்க. அதுக்குப் படிக்கல்லா போட்டுட்டாங்க."

அவள் கிணற்றுக்குப் போய் அந்தக் கல்லை அளந்தாள். வரைபடத்தில் அது இருந்த இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதினாள்.