கை சொல்வதைக் கேட்கும் கார்

ஸ்வீடனில் மூஸ் மானுக்குப் பெயர் ‘எல்ய்’. நம் காதில் அது ‘எலி’ என்றே விழும். மேற்படிப்புக்காக கோதன்பர்க் வந்த புதிதில், “நெடுஞ்சாலையில் எலி குறுக்கே வரும், பார்த்து ஓட்டுங்கள்” என்று யாரோ சொல்ல, தமிழ் நண்பர்கள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரிய ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். கால்கள் மிக நீளம். கார் மோதினால் கால்களைத்தான் தட்டும். உடல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். இது தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இங்கே கார்களுக்கு மூஸ் சோதனை என்று ஒன்று உண்டு. ஓடுகிற வேகத்தில், பிரேக்கைத் தொடாமல், சட்டென்று இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் ஒடித்துப் பழைய தடத்துக்குத் திரும்ப வேண்டும். மானையும் விலக்கியாக வேண்டும், எதிரே வரும் லாரியையும் தவிர்த்தாக வேண்டும். 1997 அக்டோபரில் ஸ்வீடிஷ் கார் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸ் பென்ஸின் புத்தம்புது ஏ கிளாஸை இப்படி ஓட்டிப் பார்த்தபோது அது கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியது, சஸ்பென்ஷனை மாற்றியது, எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் இ.எஸ்.பி.யைப் பொருத்தியது. போஷுடன் சேர்ந்து உருவாக்கி, 1995இல் அந்நிறுவனம் தன் விலையுயர்ந்த எஸ் கிளாஸ் வரிசையில் அறிமுகப்படுத்திய அமைப்பு அது. பணக்காரர் காரில் இருந்தது சின்னக் காருக்கும் இறங்கி வந்தது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம்.

என் வேலை மென்பொருள் என்பதால் அதன் எளிமை எனக்குப் பிடிக்கும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கும். நொடிக்கு 25 முறை இரண்டும் ஒப்பிடப்படும். ஒத்துப்போகும்வரை அமைப்பு எதுவும் செய்யாது. பின்பக்கம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், வளைவின் வெளிப்புற முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து காரை நேராக்கும். கார் திரும்ப மறுத்து நேரே போனால், உட்புறப் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் வேகத்தையும் குறைக்கும். எந்த ஓட்டுநரின் காலாலும் ஒரே ஒரு சக்கரத்துக்குத் தனியாக பிரேக் போட முடியாது.

இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு எல்லோரையும்போல நானும் வழுக்குத்தளப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: பள்ளத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். எனக்குத் திருநெல்வேலி நினைவுக்கு வந்தது. நான் குரங்குப்பெடல் போட, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த அப்பாவும் இதையேதான் சொன்னார்: “குழியப் பாக்காதல, போற வழியப் பாரு.” கண் போகும் இடத்துக்குத்தான் கை போகும்.

மகளுக்கு வரும் தை மாதம் 18 முடிகிறது. 16 வயதிலிருந்தே, இங்குள்ள விதிப்படி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழகிவருகிறாள். போன குளிர்காலத்தில் ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக விலகியது. மஞ்சள் விளக்கு மினுக்கியது. கார் தானாக நேரானது.

“அப்போ நான் பயப்பட வேண்டாம், கார் பாத்துக்கும். இல்லப்பா?”

“நீ எங்க போகணும்னு அதுக்குத் தெரியணுமே.”

“எப்படித் தெரியும்?”

“உன் கை சொல்றதுதான் அதுக்குத் தெரியும். ரோடு எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினாள். பிறகு தானாகவே வேகத்தைக் குறைத்தாள். அதையும் சொல்ல நினைத்திருந்தேன்: அந்த அமைப்பால் இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது. டயருக்கும் பனிக்கும் நடுவே இருப்பதைத்தான் அது பங்கிட்டுக் கொடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவுக்கு நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். சொல்லத் தேவையிருக்கவில்லை.

இப்போது சேமித்த பணத்தில் பழைய கார் தேடுகிறாள். ஒரு சிவப்புக் கார் மிகவும் பிடித்துப்போனது. சாவியைத் திருப்பினால், எச்சரிக்கை விளக்குகளெல்லாம் ஒரு கணம் எரிந்து அணையும். வளைந்த கோடுகளோடு சறுக்கும் காரின் படம் மட்டும் அவற்றில் இல்லை. வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேறொரு காரின் விவரத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: “இதுல இருக்கு. கேட்டுட்டேன்.”

குளிர்கால டயர் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் நான் பொருத்தித் தரக்கூடியது எதுவும் இல்லை. தை மாதத்துக்குப் பிறகு பக்கத்து இருக்கையில் நான் இருக்க மாட்டேன்.